குளத்துக் கதவை யார் திறக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

பெங்களூரு அடுக்ககங்களில் நீச்சல் குளத்துக்குள் யாரை விடுவது, எப்படி விடுவது என்று இந்த மாதம் நிறையக் கடிதங்கள். கதவு, பூட்டு வேலையும் குளப் பராமரிப்பும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் 180 வீடுகள். குளத்துக்கு ஒரு பூட்டு, சாவி செக்யூரிட்டியிடம், கையெழுத்துப் போட ஒரு நோட்டு. அந்த நோட்டில் எழுதியிருக்கும் வீட்டு எண்களில் சில எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே கிடையாது! கைரேகை மிஷின் வைக்கச் சொல்லி ஒரு கம்பெனி விலை கொடுத்திருக்கிறது. முகம் பார்த்துத் திறக்கும் மிஷினும் உண்டாம். எதை வாங்குவது?
– ஒரு பொருளாளர், சர்ஜாபூர் ரோடு

கைரேகையை முதலிலேயே கழித்துவிடுங்கள். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி சுருங்கிப் போயிருக்கும், ரேகை பிடிபடாது. சன்ஸ்கிரீன் தடவிய விரல் கண்ணாடியில் பிசுக்கு ஏற்றிவிடும், அடுத்து வருபவருக்கும் படிக்காது. ரேகை தேய்ந்த பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உலர்ந்த கையிலேயே தகராறுதான். நாலு பேருக்குத் திறக்கவில்லை என்றால் செக்யூரிட்டி என்ன செய்வார்? ஒரு செங்கல்லை வைத்துக் கதவைத் திறந்தே விட்டுவிடுவார். அதோடு போட்ட பணம் போயிற்று.

முகம் பார்க்கும் கருவி நிழலான வராந்தாவில் நன்றாக வேலை செய்யும். எதிர்வெயில் விழும் இடத்திலும், நீச்சல் தொப்பி, கண்ணாடி போட்ட முகத்திலும் தடுமாறும். அதைவிடப் பெரிய சங்கடம் சட்டம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்கள் முகத்தைப் பதிந்து வைக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். கொடுத்த ஒப்புதலை அவர்கள் திரும்பப் பெறவும் செய்யலாம். ஒரு குளத்துக் கதவுக்காக 180 வீட்டுப் பிள்ளைகளின் முகங்களைக் காபந்து பண்ணும் பொறுப்பை ஒரு சங்கம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசியுங்கள். எங்களைக் கேட்டால் வேண்டாம்.

மிச்சமிருப்பது கார்டு. நீச்சல் உடையில் பாக்கெட் இல்லை என்பதால் கார்டாக வாங்காமல் சிலிக்கான் கைப்பட்டையாக வாங்குங்கள். வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அலைவரிசை. சந்தையில் மலிவாகக் கிடைப்பது 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. அதில் இருப்பது ஒரே ஒரு எண், எந்தப் பாதுகாப்பும் இல்லை. சாவி போடும் கடையிலேயே நகல் எடுத்துத் தந்துவிடுவார்கள். அடுத்த படி 13.56 மெகாஹெர்ட்ஸில் வரும் மைஃபேர் கிளாசிக். அதன் பூட்டுக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். புதிதாக வாங்குபவர்கள் மைஃபேர் டெஸ்ஃபயர் வகையைக் கேளுங்கள்.

இரண்டாவது, அந்த ரீடர் எதைப் படிக்கிறது என்பது. விற்பவர்கள் இதைத் தானாகச் சொல்லமாட்டார்கள். டெஸ்ஃபயர் கார்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, கார்டின் மேலோட்டமான வரிசை எண்ணை மட்டும் படிக்கும் ரீடரைப் பொருத்துகிறவர்கள் நிறைய. அப்போது விலை உயர்ந்த கார்டும் மலிவுக் கார்டும் ஒன்றுதான். "ரீடர் உள்ளே இருக்கும் பூட்டிய தரவைப் படிக்கிறதா, வெறும் வரிசை எண்ணையா? சாவிக் குறியீடு யாரிடம் இருக்கும்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குறியீடு சங்கத்திடம் இருக்க வேண்டும். கம்பெனியிடம் மட்டும் இருந்தால் நாளைக்கு ஆளை மாற்றும்போது 180 வீட்டுப் பட்டைகளையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரீடரையும் பூட்டைத் திறக்கும் கண்ட்ரோலரையும் ஒரே பெட்டியில் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பெட்டியின் முதுகிலேயே பூட்டு ஒயர் ஓடும். இரண்டு திருகைக் கழற்றி இரண்டு ஒயரைத் தொட்டால் கதவு திறந்துகொள்ளும். வெளியே ஐபி65 தரமுள்ள (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத) ரீடர் மட்டும் இருக்கட்டும், கண்ட்ரோலர் கிளப் ஹவுஸ் உள்ளே போகட்டும். பம்ப் ரூமில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே அடுக்கியிருக்கும் குளோரினும் ஆசிட் கேனும் விடும் ஆவியில் சர்க்யூட் போர்டின் செம்பு பச்சை பூத்துப் போகும். இரும்புக் கேட்டின் மேலேயே ரீடரை அறைந்தால் படிக்கும் தூரம் சுருங்கிவிடும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுங்கள்.

என் பேரனுக்கு நாலு வயது. தரைத்தளத்தில் குடியிருக்கிறோம், எதிரிலேயே குளம். காந்தப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் கரன்ட் போனபோது கதவு தானாகத் திறந்து நின்றது. கமிட்டியில் கேட்டால் "அது அப்படித்தான், தீ விபத்துக்காக" என்கிறார்கள். உண்மையா?
– ஒரு பாட்டி, பானஸ்வாடி

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, அம்மா. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். படிக்கட்டுக் கதவுக்கு அது சரியான குணம், தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும். குளத்துக் கதவில் நிலைமை தலைகீழ். உள்ளிருந்து வெளியே வர எப்போதும் வழி வேண்டும், வெளியிலிருந்து உள்ளே போக எப்போதும் தடை வேண்டும். காந்தத்தை மட்டும் நம்பினால் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

கமிட்டியிடம் நீங்கள் கேட்க வேண்டியது, தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ளும் இயந்திரத் தாழ்ப்பாள். மின்சாரம் வந்தால்தான் விடுவிக்கும் வகை மின்தாழ் ஒன்றை அதோடு இணைப்பார்கள். கரன்ட் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும், உட்பக்கம் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். இருக்கும் காந்தப் பூட்டையே வைத்துக்கொள்வதென்றால், குறைந்தபட்சம் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள பவர் சப்ளை போடச் சொல்லுங்கள். 280 கிலோ பிடிக்கும் சாதாரணக் காந்தம் அரை ஆம்பியர் இழுக்கும். ரீடரும் கண்ட்ரோலரும் சேர்ந்து 0.3 ஆம்பியர் என்று வைத்தால், புது பேட்டரி ஏறக்குறைய எட்டு மணி நேரம் தாங்கும். ஆறு என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி செத்துவிடும், கரன்ட் இருக்கும்வரை யாருக்கும் அது தெரியாது. அதனால் மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, கதவு பிடித்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூட்டைவிட வேலி முக்கியம். குளத்து வேலிக்கு விரிவான விதி வகுத்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பிகளுக்கு நடுவிலும் தரைக்கும் வேலிக்கும் நடுவிலும் 10 செ.மீ.க்கு மேல் சந்து கூடாது. தாழ்ப்பாளைத் திறக்கும் குமிழ் 1.5 மீட்டர் உயரத்தில். கதவு குளத்தை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பிள்ளை மேலே சாய்ந்து தள்ளினால் மூடத்தான் செய்யும். நம் ஊர் பில்டர்கள் அழகுக்காக வைக்கும் படுக்கைக் கம்பி வேலி இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கு ஏணி. வேலியை ஒட்டிப் பூந்தொட்டி, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி வெளி யூனிட் எதுவும் வைக்கக் கூடாது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கதவை ஒரு சாண் மட்டும் திறந்து கையை எடுத்துவிடுங்கள். தானாகப் போய் 'டக்' என்று தாழ் விழ வேண்டும். முழுதும் திறந்து விட்டால் வேகத்தில் மூடிக்கொள்ளும் கதவு, ஒரு சாண் திறப்பில் தயங்கி நின்றுவிடும். பிள்ளை நுழைவது அந்தத் தயங்கி நிற்கும் கதவு வழியாகத்தான். ஸ்பிரிங் கீலை இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தரையில் புதைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் என்றால் உள்ளே தண்ணீர் இறங்கி எண்ணெய் கசிந்திருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

பேரன் விஷயத்தில் இன்னொன்று. வெளியே வர அமுக்கும் பொத்தானைக் கம்பிச் சந்து வழியாகக் கை நீட்டி வெளியிலிருந்தே அமுக்க முடிகிறதா பாருங்கள். நிறைய இடங்களில் முடியும்! ஒரு கை நீளத்துக்கு அப்பால் நகர்த்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுற்றி அக்ரிலிக் தகடு அடிக்கச் சொல்லுங்கள்.

காந்தப் பூட்டு பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்கிறது, ஆனாலும் பசங்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் கதவு வந்துவிடுகிறது. கம்பெனிக்காரர் இரண்டு தடவை பூட்டை மாற்றிவிட்டார். பலன் இல்லை.
– ஒரு செயலாளர், எலக்ட்ரானிக் சிட்டி

பூட்டில் குற்றம் இருக்காது, ஒயரைப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து கதவு 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் செம்பு. மிச்சமிருந்த நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் பூட்டுக்குக் கரன்ட் கொடுத்திருந்தால் வழியிலேயே சுமார் 2.5 வோல்ட் போய்விடும். பூட்டுக்குப் போய்ச் சேருவது ஒன்பதரை. விளக்கு எரிய அது போதும், பிடிக்கப் போதாது. 1.5 சதுர மி.மீ. ஒயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. கதவு மூடியிருக்கும்போது பூட்டின் முனையிலேயே மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பவர் சப்ளை பக்கம் அளந்துவிட்டு "12 இருக்கு சார்" என்பார்கள், அதை ஏற்காதீர்கள்.

வோல்ட் சரியாக இருந்தால் கதவில் இருக்கும் இரும்புத் தகட்டைப் பாருங்கள். அது நடுத் திருகில் ரப்பர் வாஷரோடு சற்றே ஆட வேண்டும். ஆடுகிறதே என்று யாராவது முறுக்கி இறுக்கியிருப்பார்கள். இறுக்கினால் இரண்டு முகமும் முழுதாக ஒட்டாது, ஒரு தாள் கனம் இடைவெளி வந்தாலே பிடிமானம் பெரிதும் போய்விடும். முகத்தில் துரு, பெயின்ட் துளி இருந்தாலும் அதே கதைதான். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ரீடர் அடிக்கடி தானாக ரீசெட் ஆகிறது என்றால் பூட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கிறதா என்று கேளுங்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். காந்தம் அணையும்போது கிளம்பும் எதிர் வோல்ட்டை அது விழுங்கும். அது இல்லாமல், பூட்டுக்குப் போகும் கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ரிலேயின் முனைகளும் கருகும்.

கீல், திருகு எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ் என்றால் குளோரின் காற்றில் பழுப்புப் புள்ளி விழும். அடுத்த முறை 316 கேளுங்கள்.

வாடகைக்கு இருக்கிறேன். மெயின்டெனன்ஸை வாடகையோடு சேர்த்து ஓனருக்கு மாதாமாதம் கொடுத்துவிடுகிறேன். அவர் சங்கத்துக்குக் கட்டவில்லை போல. என் குளத்துக் கார்டை முடக்கிவிட்டார்கள். நியாயமா?
– ஒரு வாசகி, மாரத்தஹள்ளி

நியாயம் வேறு, செல்லுபடியாவது வேறு. 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டடங்களில் கட்டப்படாத பொதுச் செலவுப் பாக்கி அந்த ஃபிளாட்டின் மேலேயே பொறுப்பாக நிற்கும். கேட்க வேண்டியது ஓனரைத்தான். ஆனால் குளம், ஜிம் போன்ற வசதிகளைப் பாக்கி உள்ள ஃபிளாட்டுக்கு நிறுத்தலாம் என்று பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறையில் எழுதி, பொதுக்குழுவில் நிறைவேற்றியிருந்தால் அது குடியிருப்பவர் மேலும் விழும். முதலில் அந்த பைலா நகலைக் கேட்டு வாங்குங்கள். கமிட்டி வாட்ஸப் குரூப்பில் போட்ட ஒரு செய்தி பைலா ஆகாது. குளத்தைத்தான் நிறுத்தினார்கள் என்றால் பேசித் தீர்க்கலாம். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் மேல் கை வைத்தால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள்.

கையில் ரசீது இருக்கட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் மெயின்டெனன்ஸை நேரே சங்கத்துக்குக் கட்டுவதாக எழுதிக்கொண்டால் இந்த இழுபறியே வராது.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். வாடகைதாரர் கார்டுக்கு அந்த முடிவு தேதியையே காலாவதித் தேதியாகப் போடுங்கள், புதுப்பித்த ஒப்பந்த நகல் வந்தால் நீட்டுங்கள். வீடு காலி செய்ய கேட் பாஸ் கொடுக்கும்போது எல்லாப் பட்டைகளையும் கணக்கில் நீக்குங்கள். முதல் கடிதத்தில் சொன்ன நோட்டில் இருக்கும் 'பேய் வீடுகள்' இப்படித்தான் ஒழியும். இதைச் செய்யாத சங்கத்தில் எந்த மிஷின் வைத்தாலும் இரண்டு வருடத்தில், காலி செய்து போனவர்களின் கார்டு நடமாடத் தொடங்கிவிடும்.

வெளியிலிருந்து வரும் கோச் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். இப்போது பக்கத்து லேஅவுட் பிள்ளைகளும் அவரோடு வந்துவிடுகிறார்கள். அவரிடமும் ஒரு கார்டு இருக்கிறது.
– ஒரு வாசகர், பெல்லந்தூர்

கோச்சிடம் கதவைத் திறக்கும் கார்டு இருப்பதுதான் வியாதி. அவருக்குச் செக்யூரிட்டி கேட்டில் தினசரி அனுமதி மட்டும் போதும். மைகேட் போன்ற செயலியில் நாளும் நேரமும் குறித்து அவரைப் பதிந்துவிடலாம். குளத்துக் கதவைப் பிள்ளையின் பெற்றோர் தங்கள் பட்டையால் திறக்கட்டும். பெற்றோர் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வெளிப் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று பொதுக்குழு முடிவு செய்தால் அது வேறு விஷயம். அப்போதும் பணம் சங்கத்துக்கு ரசீதோடு வர வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இருக்க வேண்டும்.

செக்யூரிட்டி ஒருவர் குளத்தருகே எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். லைஃப்கார்டு தனியாகத் தேவையா?
– ஒரு வாசகர், தணிசந்திரா

அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஞாயிறு காலை 40 பேர் இறங்குகிறார்கள், தண்ணீர் கலங்கிவிடுகிறது. ஒரு நேரத்தில் எத்தனை பேரை விடலாம் என்று கணக்கு உண்டா? எங்கள் குளம் 15 மீட்டருக்கு 6 மீட்டர், ஆழம் 1.2.
– எஸ்டேட் மேனேஜர், ஹெப்பால்

உண்டு, இரண்டு விதக் கணக்கு. பிரிட்டனில் குள நிர்வாகிகள் பின்பற்றுவது இது. 1 முதல் 1.5 மீட்டர் ஆழத்துக்கு ஒருவருக்கு 2.7 சதுர மீட்டர் வேண்டும். உங்கள் 90 சதுர மீட்டருக்கு 33 பேர் வரும். இது இடிபடாமல் நீந்துவதற்கான கணக்கு. தண்ணீர் தெளிவாக இருக்க இன்னொன்று: ஃபில்டர் மணிக்குச் சுற்றும் கனமீட்டரை 1.7ஆல் வகுக்க வேண்டும். உங்கள் குளத்தில் 108 கனமீட்டர் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் ஒரு சுற்று என்றால் மணிக்கு 18 கனமீட்டர், அதாவது 10 பேர்தான்! நாலு மணி நேரச் சுற்றாக இருந்தாலும் 15 பேர். 40 பேர் இறங்கினால் கலங்காமல் என்ன செய்யும்?

பம்பின் தகட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஃபில்டர் அடைத்திருந்தால் பாதிகூட ஓடாது. குழாயில் ஃப்ளோமீட்டர் இருந்தால் அதைப் படியுங்கள்.

கதவில் இதை எப்படிக் கொண்டுவருவது? 45 நிமிட நேரப் பிரிவு, நடுவில் 15 நிமிடம் இடைவெளி, பிரிவுக்கு நாலு மணி நேரச் சுற்றென்றால் 15 பேர், ஆறு மணி நேரமென்றால் 10. முன்பதிவு செய்த வீட்டுப் பட்டை மட்டும் அந்த நேரத்தில் திறக்கும்படி கண்ட்ரோலரில் போடலாம். உள்ளே எத்தனை பேர் என்று மிஷின் எண்ண வேண்டுமென்றால் வெளியேறும்போதும் பட்டையைக் காட்ட ஒரு ரீடர் வேண்டும். வெறும் பொத்தான் வைத்துவிட்டு எண்ணிக்கை கேட்காதீர்கள். ஒரே பட்டையைக் கம்பி வழியாக அடுத்தவருக்கு நீட்டுவதைத் தடுக்க, உள்ளே போன பட்டை வெளியே வராமல் மறுபடி திறக்காது என்ற விதியை இயக்குங்கள். ஆனால் ஒருவர் திறந்த கதவில் நாலு பேர் ஒட்டிக்கொண்டு நுழைந்தால் அந்த விதி ஒன்றும் செய்யாது. 30 வினாடிக்கு மேல் கதவு திறந்திருந்தால் அலறும் ஒலியை வையுங்கள். அந்த ஒலியின் ஒயரை ஒரு மாதத்துக்குள் யாராவது பிடுங்கிவிடுவார்கள், அதையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பட்டை தனியாகத் திறக்காமல், பெரியவர் பட்டை முதலில் காட்டினால்தான் திறக்கும்படி அமைக்கும் வசதி பல கண்ட்ரோலர்களில் உண்டு. கேட்டால்தான் இயக்கித் தருவார்கள்.

குளத்துப் பக்கம் கேமரா வைத்திருக்கிறார்கள். பெண்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. வைக்கலாமா?
– சில வாசகிகள், பன்னர்கட்டா ரோடு

கதவைப் பார்த்து வைக்கலாம். யார் திறந்தார்கள், யார் ஒட்டிக்கொண்டு நுழைந்தார்கள் என்று தெரிய அது தேவை. குளத்தைப் பார்த்து வைப்பது பாதுகாப்புக்காக என்றால், அந்தக் காட்சியை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும் என்று எழுதி ஒட்ட வேண்டும். 30 நாள் போதும். செக்யூரிட்டி கேபினின் பெரிய திரையில் எல்லோரும் பார்க்க ஓடவிடுவது கூடாது. உடை மாற்றும் அறை வாசலுக்குள் ஒரு கோணம் விழுந்தாலும் அது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் வரக்கூடிய குற்றம். கேமராவின் படத்தைத் திரையில் நீங்களே பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளக் கேளுங்கள், மறுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

கதவுக்கு எலக்ட்ரீஷியன் 230 வோல்ட் லைனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆபத்தா?
– ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

ஆபத்துதான், அதை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். கதவுக்கு 12 வோல்ட் மட்டும் வரட்டும், பவர் சப்ளை கட்டடத்துக்குள் இருக்கட்டும். குளப் பகுதி லைன் முழுதும், மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வழியாகப் போக வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் வர்த்தூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பின் குளத்தருகே மின்சாரம் தாக்கி ஒரு சிறுமி இறந்ததும், சங்கப் பொறுப்பாளர்கள் மேல் வழக்கு வந்ததும் உங்கள் கமிட்டிக்குத் தெரிந்திருக்கும்.

குளத்தை அவசரமாக மூட வேண்டி வந்தால் ஒவ்வொரு கார்டாக முடக்க வேண்டுமா?
– எஸ்டேட் மேனேஜர், ராமமூர்த்தி நகர்

வேண்டாம். கண்ட்ரோலரில் 'முழுப் பூட்டு' என்று ஒரு கட்டளை இருக்கும். கமிட்டியில் இருவருக்கும் உங்களுக்கும் மட்டும் அந்த உரிமை கொடுங்கள். அப்போதும் உள்ளிருந்து வெளியே வரும் வழி திறந்தே இருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் காரணம், ஒரு குழந்தை தண்ணீரில் மலம் கழித்துவிடுவது. கட்டியான மலம் என்றால் எல்லோரையும் வெளியேற்றி, வலையால் அள்ளி, குளோரினை 2 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச்சை 7.5 அல்லது அதற்குக் கீழேயும் கொண்டுவந்து 25 நிமிடம் அப்படியே வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வழிகாட்டல். வயிற்றுப்போக்கு என்றால் இது போதாது. கிருமி வேறு, குளோரின் அளவும் நேரமும் பல மடங்கு. அன்று முழுதும் மூடிவிட்டுக் குளப் பராமரிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

நீண்ட நாள் மூடல் வேறு. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது குடிநீரைக் குளத்தில் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் உத்தரவிட்டதும் பல இடங்களில் குளங்களை வாரக்கணக்கில் மூடினார்கள். அப்படி மூடும்போது எலக்ட்ரானிக் பூட்டை நம்பாமல் ஒரு சாதாரணத் தொங்கு பூட்டும் போடுங்கள். பாதி காலியான குளத்தில் ஒரு மழை பெய்தால் அடிமட்டத்தில் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர் நிற்கும். சுவர் வழுக்கும், படிகள் எட்டாது. நிறைந்த குளத்தில் விழுந்த பிள்ளையைத் தூக்குவதைவிட அதில் விழுந்த பிள்ளையைத் தூக்குவது கடினம்.